40 பல்லுக்கும் 44 பல்லுக்கும் நடுவே

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் அதைக் கடைசி நட்டு வரை கழற்றிப் போட்டுவிடுவார்கள். துருவைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைக் கோத்து, கண்ணாடி பொருத்த மாதக்கணக்காகும். எல்லாம் முடிந்து வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளினால், சில சமயம் பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். பெயின்ட் கண்ணாடிபோல மின்னும். ஆனால் வண்டியோ மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிப்பதுபோல் நிற்கும். இதை எப்படிச் சரிசெய்வது? இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம். கவலை வேண்டாம், கணக்கு கொஞ்சம்தான் வரும். அதுவும் பள்ளியில் நீங்கள் ஏற்கெனவே போட்ட கணக்கு.

உதாரணத்துக்கு எந்தக் காரை எடுக்கலாம்? எனக்குப் பிடித்தது வோக்ஸ்வாகன் பீட்டில். டிஸ்னி படங்களில் 53 என்ற எண்ணை ஒட்டிக்கொண்டு தானாகவே ஓடுமே ஹெர்பி, அதுதான். ஹெர்பி 1963ஆம் வருட மாடல். நாமும் அதே வருட வண்டியையே வைத்துக்கொள்வோம். பீட்டிலைத் தயாரிக்க ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையையும், அதைச் சுற்றி ஓர் ஊரையும் 1938இல் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஊருக்கு இன்றைய பெயர் வோல்ஃப்ஸ்பர்க். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்துகிடந்த அந்தத் தொழிற்சாலையை 1945க்குப் பிறகு ஓடவைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பியூப்லா நகரில் கடைசி பீட்டில் வெளிவந்தபோது மொத்தக் கணக்கு 2,15,29,464. இத்தனை வண்டிகள் பிறந்ததால்தான் உலகெங்கும் இன்றும் யாராவது ஒருவர் எங்காவது ஒரு பீட்டிலைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சரி, நம் வண்டி பின்பக்கம் தூக்கி நிற்கிறது. உடனே ஸ்பேனரை எடுக்கலாமா? கூடாது. முதலில் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஏன் தெரியுமா? 1963 பீட்டிலின் பின்சக்கரங்கள் ஒரு விசித்திரமான முறையில் இணைக்கப்பட்டவை. நடுவில் கியர்பெட்டி. அதன் இரு பக்கமும் இரண்டு அச்சுக் குழாய்கள் கைகளை நீட்டியதுபோல நிற்கும். ஒவ்வொரு குழாயும் கியர்பெட்டியை ஒட்டிய இடத்தில் மட்டும் மேலும் கீழும் அசையும். சக்கரமோ குழாயின் நுனியில் அசையாமல் செங்குத்தாக மாட்டப்பட்டிருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கினால் என்ன ஆகும்? குழாய்கள் இரண்டும் கீழே தொங்கும். கூடவே சக்கரங்களும் சாயும். இரண்டு டயர்களின் அடிப்பகுதியும் ஒன்றையொன்று நெருங்கி உள்ளே வந்துவிடும். இப்போது ஜாக்கியை இறக்குங்கள். உடம்பு கீழே இறங்க வேண்டுமானால் டயர்கள் வெளிப்பக்கமாக விலக வேண்டும். ஆனால் டயர் ரப்பராயிற்றே, சிமென்ட் தரையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர மறுக்கும். அந்தப் பிடிவாதம்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. கொஞ்ச தூரம் உருட்டினால் டயர் சுழன்றபடியே மெல்ல மெல்ல வெளியே விலகி, வண்டி தானாக உட்கார்ந்துவிடும். இது தெரியாமல், ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு டேப்பை வைத்து அளந்துவிட்டு, தப்பான அளவைத் திருத்தக் கிளம்புபவர்கள் உண்டு.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது எடை. பீட்டிலின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பேட்டரி எங்கே தெரியுமா? பின்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் டாங்கும் மாற்றுச் சக்கரமும் முன்னால். பின்சீட்டையும் பேட்டரியையும் வைக்காமல் ‘பின்பக்கம் தூக்கி நிற்கிறதே’ என்று புலம்பினால் வண்டி என்ன செய்யும்? எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, தள்ளி, பம்பரைப் பிடித்து இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, அப்போதும் தூக்கி நின்றால் மட்டுமே அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் என்பது ஸ்பிரிங். ஆனால் பீட்டிலின் அடியில் குனிந்து தேடினால் ஸ்பிரிங்கே கண்ணில் படாது. பேனாவுக்குள் இருக்கிற சுருள் கம்பி மாதிரி ஒன்றும் இருக்காது. லாரியில் பார்க்கிற பட்டை அடுக்கும் இருக்காது. பின்சீட்டுக்குக் கீழே குறுக்கே ஓடும் ஒரு தடித்த குழாய் மட்டும் தெரியும். ரகசியம் அந்தக் குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டரைவிடச் சற்று அதிக நீளம். வளைவு கிடையாது, சுருள் கிடையாது. நேரான உருண்டைக் கம்பி. அதுதான் ஸ்பிரிங்!

நம்பிக்கை வரவில்லையா? ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, ஒரு கையை முன்பக்கமாகவும் இன்னொரு கையைப் பின்பக்கமாகவும் மெதுவாகத் திருகுங்கள். விட்டால் படக்கென்று பழைய நிலைக்குத் திரும்புகிறதா? இப்போது கைகளைக் கிட்டே கொண்டுவந்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்துத் திருகுங்கள். அதே அளவு திருகுவதற்கு இப்போது அதிக பலம் வேண்டியிருக்கும். இரண்டு ஸ்கேலை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் திருகினால் இன்னும் கடினம். உடைத்துவிட்டு என் பெயரை வீட்டில் சொல்லாதீர்கள்.

திருகுவதற்கும் திரும்புவதற்கும் ஒரு விதி உண்டு. ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி ஸ்பிரிங்குகளைப் பற்றி அதைக் கண்டுபிடித்தார். ஆனால் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து, 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் விடையைச் சொன்னார்: எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நீளும். இரண்டு மடங்கு பலத்துக்கு இரண்டு மடங்கு நீட்சி. நூறு வருடத்துக்குப் பிறகு பிரான்சில் சார்ல்ஸ் கூலும் மெல்லிய கம்பிகளைத் திருகிப் பார்த்து, 1784இல் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். திருகும் பலத்துக்கு ஏற்ப முறுக்கும் கோணம் கூடும். கம்பி நீளமானால் எளிதில் முறுகும். தடித்தால் முறுக மறுக்கும். எவ்வளவு மறுக்கும் என்பதில்தான் ஆச்சரியம். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்கும் ஆகாது, 16 மடங்காகும்! 22 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 24 மில்லிமீட்டர் கம்பி போட்டால் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஆனால் விறைப்பு சுமார் 40 சதவீதம் ஏறிவிடும். நம்பாதவர்கள் 24ஐ 22ஆல் வகுத்து, வந்த விடையை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். மின்சாரம் பற்றிய பாடத்தில் வருகிற கூலும் இவரேதான். மின்விசையை அளக்க அவர் பயன்படுத்திய தராசே முறுகும் கம்பியில் தொங்குகிற தராசுதான்.

இந்த முறுக்கைக் காருக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த அவருடைய அலுவலகம், முறுக்குக் கம்பி சஸ்பென்ஷனுக்கு 1931இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. பீட்டிலை வடிவமைத்ததும் அதே அலுவலகம்தான்.

இப்போது கம்பியின் இரண்டு முனைகளையும் கவனிப்போம். உள்முனை வண்டியின் நடுவில், குறுக்குக் குழாய்க்குள், அசையாதபடி சிக்கிக்கொண்டிருக்கும். வெளிமுனையில் ஒரு நீளமான எஃகுத் தகடு மாட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு பின்னோக்கி நீண்டு சக்கரத்தின் அச்சோடு சேரும். அதன் நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் மேட்டில் ஏறினால் தகடு மேலே தூக்கப்படும், கம்பி முறுகும். மேடு முடிந்ததும் கம்பி தன் முறுக்கை அவிழ்த்துக்கொண்டு தகட்டைக் கீழே தள்ளும்.

சக்கரத்தை முழுதாகக் கழற்றிவிட்டு, தகடு எதன் மேலும் தங்காமல், அதன் மீது எந்த எடையும் இல்லாதபோது அது எப்படி நிற்கும்? கிடைமட்டமாக நிற்காது. நுனி கீழே சாய்ந்திருக்கும். 1963 மாடலுக்கு அந்தச் சாய்வு பதினேழரைப் பாகை இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் கணக்கு. வண்டியின் எடை ஏறியதும் தகடு மேலே எழும். ஒரு பின்சக்கரத்தின் மேல் 200 கிலோ உட்காருகிறது என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; கம்பி 13 பாகை போல முறுகும். ஆக, பதினேழரையில் 13 போக நான்கரைப் பாகைச் சாய்வில் தகடு நிற்கும். வண்டியின் உயரம் இப்படித்தான் முடிவாகிறது.

இங்கே கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் பெரியவர்களே பலர் தடுமாறுகிற இடம் இது. ‘வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டால் பலம் கூடி வண்டியைத் தூக்கும்’ என்று சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தகட்டைக் கழற்றி, எடை இல்லாதபோது அது பதினேழரைக்குப் பதில் 20 பாகையில் நிற்கும்படி மாட்டுகிறோம். வண்டியின் எடை மாறியதா? இல்லை. அதே 200 கிலோ. கம்பி மாறியதா? இல்லை. அதே 22 மில்லிமீட்டர். அப்படியானால் கம்பி முறுகுவதும் கிட்டத்தட்ட அதே 13 பாகைதான். 20இல் 13 போனால் 7. முன்பு நான்கரையில் நின்ற தகடு இப்போது ஏழில் நிற்கிறது, வண்டி உயர்ந்துவிட்டது. கம்பியின் பலத்தில் ஒரு துளிகூட மாற்றமில்லை. முறுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்ற தொடக்கப் புள்ளியை மட்டும்தான் நகர்த்தினோம். பள்ளத்தில் விழுந்தால் வண்டி முன்பு எவ்வளவு குலுங்குமோ அதே குலுக்கல்தான் இப்போதும். உயரம் வேறு, விறைப்பு வேறு. விறைப்பு மாற வேண்டுமானால் கூலும் சொன்னபடி தடிமனையோ நீளத்தையோ மாற்ற வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது தொடக்கக் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுவது. ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? அதில்தான் சிக்கல்.

கம்பியின் முனைகள் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்காக முனையைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருப்பார்கள். குழாய்க்குள்ளும் தகட்டிலும் அதற்கேற்ற பள்ளங்கள் இருக்கும். பல் பள்ளத்தில் உட்கார்ந்தால் இம்மி அசையாது. ஆனால் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத்தான் மாற்ற முடியும், நடுவில் நிறுத்த முடியாது. பீட்டில் கம்பியின் உள்முனையில் 40 பற்கள். ஒரு முழு வட்டம் 360 பாகை. 360ஐ 40ஆல் வகுத்தால் 9. அதாவது ஒரு பல் தள்ளி மாட்டினால் தகடு 9 பாகை திரும்பிவிடும். 40 சென்டிமீட்டர் நீளத் தகட்டின் நுனியில் 9 பாகை என்பது ஆறு சென்டிமீட்டருக்கும் மேல். உங்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்க வேண்டும், வண்டியோ ஒரேயடியாக ஆறு சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. என்ன செய்ய?

பற்களை இன்னும் சிறிதாக வெட்டலாமே என்று தோன்றும். பாகைக்கு ஒன்று என 360 பற்கள் வெட்டினால்? 22 மில்லிமீட்டர்க் கம்பியின் நுனியைச் சுற்றி 360 பல் என்றால் ஒவ்வொன்றும் தலைமுடி அளவுதான் இருக்கும். சாலையின் முதல் பள்ளத்திலேயே பல்லெல்லாம் சீவிக்கொண்டு போய்விடும். எடை தாங்க வேண்டுமானால் பல் பெரிதாக இருக்க வேண்டும். நுணுக்கமாகத் திருத்த வேண்டுமானால் பல் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பியில் எப்படி முடியும்?

பீட்டில் பொறியாளர்களின் விடை மிக அழகானது. உள்முனையில் 40 பல் வெட்டியவர்கள் வெளிமுனையில் 44 பல் வெட்டினார்கள்!

அதனால் என்ன லாபம் என்று பார்ப்போம். வெளிமுனையில் ஒரு பல்லுக்கு 360ஐ 44ஆல் வகுத்தால் சுமார் 8.18 பாகை. அதுவும் பெரிய தாவல்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். கம்பியை உள்முனையில் ஒரு பல் மேல்நோக்கித் திருப்புங்கள். கம்பியும் அதோடு சேர்ந்த தகடும் 9 பாகை மேலே போகும். இப்போது தகட்டை மட்டும் கம்பியிலிருந்து உருவி, வெளிமுனையில் ஒரு பல் கீழ்நோக்கித் திருப்பி மாட்டுங்கள். தகடு 8.18 பாகை கீழே வரும். மொத்தத்தில் தகடு எவ்வளவு நகர்ந்தது? 9இல் 8.18 போக, வெறும் 0.82 பாகை! பட்டறைக் கையேடுகளில் இதை 50 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். 60 நிமிடம் சேர்ந்தால் ஒரு பாகை, கடிகாரக் கணக்கேதான். தகட்டின் நுனியில் இது ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு பெரிய தாவல்கள், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. மிஞ்சியது சின்னஞ்சிறு நகர்வு. பற்கள் எல்லாம் பெரிதாக, பலமாக அப்படியே இருக்கின்றன.

காகிதத்தில் வரைந்து பார்க்க விரும்புபவர்களுக்கு எளிய எண்கள் தருகிறேன். களிமண்ணில் ஒரு கம்பி செய்யுங்கள். ஒரு முனை சதுரம், மறுமுனை ஒழுங்கான ஐங்கோணம். அட்டையில் ஒரு சதுர ஓட்டையும், இன்னொரு அட்டையில் ஒரு ஐங்கோண ஓட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். ஐங்கோண அட்டையின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி வரையுங்கள். சதுரத்தை ஒரு பக்கம் திருப்பினால் 90 பாகை. ஐங்கோணத்தை ஒரு பக்கம் திருப்பினால் 72 பாகை. ஒன்றை வலப்புறமும் மற்றதை இடப்புறமும் திருப்பினால் அம்புக்குறி 18 பாகை மட்டும் நகரும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் அம்புக்குறி 18, 36, 54, 72 என்று ஏறி, 20 இடங்களில் நின்றுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். 4க்கும் 5க்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? 20! அப்படியானால் 40க்கும் 44க்கும்? 440. ஆக பீட்டிலின் தகட்டை 440 நிலைகளில் மாட்டலாம். 84 பற்களை வெட்டிவிட்டு 440 பல்லின் நுணுக்கத்தை வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் இந்நேரம் ‘இதை எங்கோ பார்த்திருக்கிறோமே’ என்று முணுமுணுத்திருப்பார்கள். ஆமாம், வெர்னியர் அளவி! முதன்மைக் கோலில் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர். வெர்னியர் கோலில் 10 பிரிவுகள் சேர்ந்து 9 மில்லிமீட்டர், அதாவது ஒன்று 0.9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 0.1 மில்லிமீட்டர்தான் மீச்சிற்றளவு. பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் இந்த அளவுகோலைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அவர் அதை யோசித்தது கோணத்தை அளக்கும் கருவிக்காக. முந்நூறு வருடம் கழித்து அதே யோசனை காருக்கடியில் மறுபடியும் கோணத்துக்கே உதவ வந்திருக்கிறது. வெர்னியர் அளக்கிறது, பீட்டில் கம்பி நகர்த்துகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

நம் வண்டியைச் சரிசெய்வோமா? பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். 40 சென்டிமீட்டர்த் தகட்டில் அது 2.9 பாகை போல வரும். ஒரு காலடி, அதாவது ஒரு பல் மேலே, ஒரு பல் கீழே, 0.82 பாகை என்றால் மூன்று காலடிக்கு 2.45, நான்கு காலடிக்கு 3.27. மூன்று வைத்துக்கொள்வோம். உள்முனையில் மூன்று பல் மேலே, வெளிமுனையில் மூன்று பல் கீழே. வண்டி ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் இறங்கும். மிச்சம் சில மில்லிமீட்டர். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் அதைவிட அதிகம் இறங்கும், ஆகவே அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தகட்டின் கோணத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தகட்டின் மேல் கோணமானியையும் ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்தால் ஒரு எண் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடலாமா? ஸ்டாண்டின் மேல் நிற்கிற வண்டி லேசாகச் சாய்ந்திருக்கலாமே! அதனால் முதலில் கதவுக்குக் கீழே ஓடும் உடம்பின் விளிம்பில் வைத்து, வண்டியே எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளிம்பு 2 பாகை சாய்ந்து, தகடு அதே திசையில் பத்தொன்பதரை காட்டினால், உண்மையான கோணம் பதினேழரை. தொழிற்சாலை, தரையிலிருந்து உயரத்தைச் சொல்லாமல் இந்தக் கோணத்தைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டயர் தேயும், காற்று இறங்கும், பெட்ரோல் காலியாகும். தரையிலிருந்து உயரம் தினமும் மாறும். எடையே இல்லாத தகட்டின் கோணத்துக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை.

வேலை என்னவோ இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். செய்பவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். கம்பியை வெளியே உருவ வேண்டுமானால் மட்கார்டின் முன்பக்க போல்ட்டுகளைக் கழற்றி அதை விலக்க வேண்டும்; அந்த மட்கார்டுக்குத்தான் போன வாரம் பெயின்ட் அடித்திருப்பார்கள். தகட்டைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் புதிதாக இருந்தால் இறுக்கமாக இருக்கும். அவற்றுக்கு கிரீஸ் தடவினால் எண்ணெய்ப்பசை ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதால் முகத்துக்குப் பூசுகிற மாதிரி டால்க் பவுடரைத் தூவுவார்கள். கம்பிகளின் நுனியில் இடது, வலது என்று அடையாளம் இருக்கும், மாற்றிப் போடவே கூடாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் ஒரே திசையில் பலமாக முறுக்கிப் பழக்கிவிட்டிருப்பார்கள். அந்தத் திசையில் அது வருடக்கணக்கில் உழைக்கும். எதிர்த்திசையில் போட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும், உடையவும் கூடும்.

ஆபத்தும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. சக்கரத்தைக் கழற்றிய பிறகும் தகடு முழுதாகக் கீழே இறங்கியிருக்காது. வண்டியோடு வார்க்கப்பட்ட ஒரு மேட்டின் மேல் அது தங்கி நிற்கும். அதாவது கம்பியில் முறுக்கு இன்னும் மிச்சமிருக்கும். அந்த மேட்டிலிருந்து தகட்டை நெம்பி விட்டால் பெரிய சத்தத்தோடு கீழே அறையும். நடுவில் விரல் மாட்டினால் அவ்வளவுதான். ஆகவே கடினமான இந்தப் பகுதி அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்கு. உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்தால் தள்ளி நின்று பாருங்கள், பல்லை எண்ணிச் சொல்லி உதவுங்கள். எண்ணிக்கையில்தான் பெரியவர்கள் தவறு செய்வார்கள்.

முன்சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே உருண்டைக் கம்பிக்குப் பதில் மெல்லிய எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டாக, மேலும் கீழுமாக இரண்டு குழாய்களுக்குள் செருகியிருப்பார்கள். நடுவில் ஒரு திருகு பிடித்திருக்கும். உயரத்தை மாற்ற தொழிற்சாலை அங்கே எந்த வசதியும் தரவில்லை. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஸ்டைலாக ஓட்ட ஆசைப்படுபவர்கள் அந்தக் குழாயையே அறுத்து, திருப்பக்கூடிய ஒரு துண்டை வெல்டிங் செய்துகொள்வதுண்டு. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பல்லைக்கூட அறுக்காமல், வெறும் கழித்தலால் வேலையை முடிக்கும் பின்பக்கத்தைப் பார்த்தபின் எனக்கு அந்த வெல்டிங் மேல் மனம் ஒட்டவில்லை.

பின்பக்கத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி திருத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் வண்டியின் எடை மூலைவிட்டமாக மாறி, பின்பக்க வலதும் முன்பக்க இடதும் அதிகம் சுமக்கும். மற்ற இரண்டு சக்கரங்களும் லேசாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது லேசான சக்கரம் முதலில் வழுக்கும். உயரம் தப்பானால் வேறு தொல்லைகளும் வரும். பின்பக்கம் தூக்கினால் ஹெட்லைட் வெளிச்சம் வண்டிக்கு மிக அருகிலேயே தரையில் விழும். அதைவிட முக்கியம், முதலில் சொன்ன அந்த அச்சுக் குழாய்கள். வண்டி உயர்ந்து நின்றால் சக்கரங்கள் உள்சாய்ந்தே ஓடும். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் அடியில் மடங்கப் பார்க்கும். பின்பக்கம் சறுக்கிவிடக்கூடும். அந்தக் காலத்து பீட்டில் ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் என்பது அழகுக்காக மட்டும் பார்க்கிற விஷயமில்லை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. 40, 44 என்பதற்குப் பதில் 40, 48 என்று பற்களை வெட்டியிருந்தால் மிகச் சிறிய காலடி எத்தனை பாகை? 40, 50 என்றால்? 40, 41 என்றால்? மூன்றாவதற்கு விடை கால் பாகைக்கும் கீழே வரும். தகட்டின் நுனியில் அது ஒன்றரை மில்லிமீட்டர். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே அதைவிட அதிகம் இறங்கிவிடும். இன்னொரு கேள்வி, கொஞ்சம் கடினம்: 40, 80 என்று வெட்டினால் 120 பற்கள் ஆகிவிடும், பீட்டிலில் இருப்பதைவிட 36 பல் அதிகம். ஆனாலும் அதன் மிகச் சிறிய காலடி நம்முடைய 0.82ஐவிட ஐந்து மடங்குக்கும் மேல் பெரிது. ஏன் என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.